எத்திராஜ் நகர்த்தாத கல்

நசரத்பேட்டை சாந்தி நகர் இரண்டாவது விரிவில், கடைசித் தெருவில், ஏழாம் எண் வீட்டில் இருக்கும் எத்திராஜைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அது உங்கள் குறை என்பது அவருடைய கருத்து. ஐரோப்பாவில் பாதியைக் குடியேற்றியவர்கள் அம்பத்தூர்க்காரர்கள் என்று கண்டுபிடித்த மனிதரை அம்பத்தூருக்கே இன்னும் தெரியவில்லை என்றால், ஐரோப்பாவைச் சொல்லி என்ன பயன்.

அவருக்கு அறுபத்திரண்டு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் இருபத்தேழு வருடம் குவாலிட்டி பிரிவில் வேலை பார்த்தார். தட்டு நிறைய இரும்பு வளையங்கள் முன்னால் வந்து நிற்கும். கையில் வெர்னியர் அளவுகோல். ஒரு வளையம் மில்லிமீட்டரில் நூற்றில் இரண்டு பங்கு பெருத்திருந்தால் போதும், சிவப்புப் பெட்டிக்குப் போய்விடும். லேத்தில் நிற்பவர்கள் வந்து கெஞ்சுவார்கள்.

"அண்ணாத்தே, ஒரு முடி அளவு கூட இல்ல. உட்று."

"முடின்னா முடிதான். ரிஜெக்ட்."

இப்படிப்பட்டவர் சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் வேறு ஆளாகிவிடுவார். இரும்புக்கு ஒரு முடி கூடக் கொடுக்காதவர், வார்த்தைகளுக்குத் தாராளமாகக் கொடுத்தார். காலம் இரண்டாயிரம் வருடம் முன்னே பின்னே இருக்கலாம். தூரம் ஐயாயிரம் மைல் இப்படி அப்படி இருக்கலாம். எழுத்து நாலு கூடினாலும் பாஸ், குறைந்தாலும் பாஸ்.

எல்லாம் அந்த பஸ்ஸில்தான் ஆரம்பித்தது. ஆவடி என்பது ஏதோ ராணுவ டிப்போவின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கியது என்று பக்கத்து சீட்டுக்காரர் ஒருநாள் சொன்னார். அம்பத்தூர் ஐம்பத்தோராவது ஊர், அவ்வளவுதான், என்றார் பின் சீட்டுக்காரர். எத்திராஜுக்குப் பொறுக்கவில்லை. தான் உழைக்கிற ஊருக்குப் பெயர் ஒரு நம்பரா? பூந்தமல்லி நூலகத்துக்குப் போனார். ரோமாபுரி வரலாறு என்று அட்டை கிழிந்த புத்தகம் ஒன்று கிடைத்தது. அதில் நூற்றுப் பதினான்காம் பக்கத்தில், ரோமானியரோடு சண்டையிட்டு அழிந்துபோன ஒரு பழங்குடி. பெயர் ஆம்ப்ரோன்கள். அன்றைக்கு அவர் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிச் செம்பரம்பாக்கம் வரை போய்விட்டார்.

அதன் பிறகு ஒரே வேகம்தான். ஆம்ப்ரோன்கள் அம்பத்தூரிலிருந்து கிளம்பியவர்கள், தாய்க்குலத்தின் பெயர் அம்பர். பாரீஸைக் கட்டிய பாரிசி என்ற குடி பாரிவாக்கத்துக்காரர்கள். வெனிஸ் நகரத்துக்குப் பெயர் கொடுத்த வெனெட்டியர் வானகரத்தார். யானைகளை நடத்திக்கொண்டு ரோமின் மேல் படையெடுத்த பூனியர் பூந்தமல்லியைச் சேர்ந்தவர்கள். யானை அவர்களுக்கு வேறெங்கிருந்து கிடைத்திருக்கும் என்று கேட்பார். கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்கவும் மாட்டார்.

இதையெல்லாம் 'ஆதி அம்பர்' என்று ஒரு புத்தகமாகவே அச்சடித்தார். கட்டில் ஆடாமல் இருக்க நாகம்மாள் அதில் நாலு பிரதிகளைக் காலுக்கு ஒன்றாக வைத்திருக்கிறாள். நாகம்மாள் அவர் மனைவி. அந்தப் புத்தகத்துக்கு வீட்டில் கிடைத்த ஒரே பயன் அதுதான் என்பாள்.

ஆனால் புத்தகம் வெறும் பேச்சு என்று யாரும் சொல்லிவிட முடியாது. எத்திராஜிடம் ஒரு சாட்சி இருந்தது.

பதினைந்து வருடத்துக்கு முன் இந்த வீட்டுக்குக் கடைக்கால் தோண்டியபோது, மனையின் பின்பக்க எல்லைக்கு மூன்றடி உள்ளே, முழங்கால் உயரத்தில் ஒரு கருங்கல் நின்றது. மேஸ்திரி கடப்பாரையை எடுத்தார். எத்திராஜ் அதற்குள் மண்ணைத் துடைத்துப் பார்த்துவிட்டார். கல்லின் முகத்தில் மேல்நோக்கி ஓர் அம்பு செதுக்கியிருந்தது. கீழே தேய்ந்துபோன இரண்டு கீறல்கள்.

"கல்ல தொடாத," என்றார்.

"சார், சமையல்கட்டு இங்கதான் வருது."

"செவுர உள்ள தள்ளிக்கோ."

தெருவில் பதினான்கு வீடுகள். எல்லாரும் மனையின் கடைசி அங்குலம் வரை சமையலறையை இழுத்துக் கட்டியிருக்க, ஏழாம் எண்ணில் மட்டும் சமையலறை கல்லுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. அதில் ஒருவர் நின்றால் இன்னொருவர் வெளியே வர வேண்டும். கல்லைச் சுற்றி எத்திராஜ் கம்பி அடித்தார். அம்பர் குலத்தார் போகும்போது நட்டுவிட்டுப் போன அடையாளம் என்று அதைப் படம் எடுத்தார். நாலு சுவர்களிலிருந்தும் மில்லிமீட்டர் கணக்கில் அளந்து, தேதி போட்டு, நோட்டில் எழுதி வைத்தார்.

நாகம்மாளுக்கு அம்பரும் தெரியாது, ஐரோப்பாவும் தெரியாது. "எங்க அம்மா ஊர்ல எல்லையம்மா இப்பிடித்தான் இருப்பா," என்று சொல்லி வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள்.

"அது சாமி இல்ல நாகு. சாட்சி."

"சாட்சியா இருந்தா சந்தோசம்யா. ஒரு பூவு வச்சா அதுக்கு இன்னா கொறஞ்சிடப் போவுது."

தெருவில் இந்தக் கதையை அதிகமாகக் கேட்டவர் எட்டாம் எண் அந்தோணிராஜ். திருவேற்காடு பக்கம் ஷேர் வேன் ஓட்ட ஆரம்பித்து இப்போது இரண்டு வேன்களுக்குச் சொந்தக்காரர், தெருச் சங்கத்தின் தலைவரும் அவரே. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போதே எத்திராஜ் வாசலில் மடக்கிவிடுவார்.

"நாசரேத்து இன்னா நாசரேத்து. நசரத்பேட்டையிலேர்ந்து போனவன் வச்ச பேரு நைனா."

"அண்ணாத்தே, மெதுவா பேசு. பங்கு சாமியாரு காதுல உழுந்தா அடுத்த வாரம் பிரசங்கமே உன்னப் பத்திதான்."

தெருவின் வாட்ஸப் குழுவில் தினமும் காலை ஐந்தே முக்காலுக்கு ஒரு பழங்குடி வந்து இறங்கும். ஐ.டி.யில் வேலை பார்க்கும் இளசுகள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, குழுவை ஒரு வருடத்துக்கு வாயடைத்து வைத்தார்கள்.

போன தை மாதம் அந்தத் தெருவுக்கு ஒரு கவலை வந்தது. வீடுகளின் பின்னால் ஒரு தாங்கல் உண்டு. தாங்கல் என்றால் சின்ன ஏரி. மழைக்காலத்தில் நீரும் மற்ற காலத்தில் கருவேலமும் நிற்கும். சுற்றுவட்டார ஏரிகளை எல்லாம் அளந்து, உள்ளே வந்திருக்கும் கட்டடங்களுக்குச் சிவப்புக் குறி போட வேண்டும் என்று கோர்ட் உத்தரவு. மனை விற்றவர் எல்லாம் பட்டா இடம் என்றுதான் சொன்னார். சொன்னவர் இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது.

அந்தோணிராஜ் வீட்டு போர்டிகோவில் கூட்டம் போட்டார்கள். ஒரே தீர்மானம்தான். யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

"அண்ணாத்தே, உனக்குத்தான் சொல்றேன்," என்றார் அந்தோணிராஜ். "அளக்க வர்ற பொண்ணுகிட்ட கரை இன்னா, தண்ணி வழியற கலங்கல் இன்னான்னு ஆரம்பிக்காத. உன் புக்க எடுத்துகினு பின்னாடியே ஓடாத."

"நான் இன்னாத்துக்கு பேசப் போறேன்."

"நீ பேசாம இருந்த நாளு எதுன்னு சொல்லு, அன்னிக்கி தெருவுக்கே பிரியாணி போடறேன்."

வீட்டுக்கு வந்ததும் நாகம்மாள் அவரைப் பின்பக்கம் இழுத்துப் போனாள். "பி.எஃப். பணம் மொத்தமும் இந்த ஊட்லதான் கீது. இது போச்சுன்னா நம்ம ரெண்டு பேருக்கும் வேற நாதி கெடையாது. எல்லையம்மா மேல கைய வச்சு சொல்லு, பேச மாட்டேன்னு."

எத்திராஜ் கல்லின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார்.

அளக்க வந்தவள் பெயர் மோகனப்பிரியா. ஆரணிப் பக்கத்துப் பெண், முப்பது வயது இருக்கும். ஒரு நீளக் கம்பின் தலையில் வட்டமான கருவி, கூட இரண்டு உதவியாளர்கள், பிளாஸ்டிக் உறைக்குள் பழைய வரைபடம். அந்தத் தாங்கலைச் சுற்றி வெள்ளைக்காரன் காலத்தில் பதினேழு எல்லைக்கற்கள் நட்டிருந்தார்கள். இரண்டே நாளில் பதினாறைக் கண்டுபிடித்துவிட்டாள். பதினேழாவது மட்டும் கிடைக்கவில்லை. கருவேலத்தை வெட்டிப் பார்த்தார்கள். சாக்கடை ஓரம் தோண்டிப் பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் காலையில் அந்தோணிராஜ் வீடு வீடாகப் போய்ச் செய்தி சொன்னார். கல் கிடைத்தால் கோடு இந்தத் தெருவில் முழங்கை போல உள்ளே மடங்கும், வீடுகள் வெட்டுப்படும். கிடைக்காவிட்டால் பதினாறாம் கல்லிலிருந்து ஒன்றாம் கல்லுக்கு நேர்கோடு. அது காம்பவுண்டுச் சுவர்களுக்கு வெளியே போய்விடும். "கல்லக் காணம்னு எழுதிகினு நாளைக்கு கையெழுத்து போடப் போவுது அந்தப் பொண்ணு," என்றார். அவர் மனைவி ஜெயசீலி மாதாவுக்கு ஏழு மெழுகுவர்த்திகள் நேர்ந்துகொண்டாள்.

கல் என்ற வார்த்தையைக் கேட்டதும் நாகம்மாள் உள்ளே போனாள். வெள்ளிக்கிழமை வர இன்னும் இரண்டு நாள் இருந்தது. ஆனாலும் எல்லையம்மாவுக்கு ஒரு விரல் தடிமனுக்கு மஞ்சள் அப்பி, சிவப்புப் பாவாடை கட்டி, பெட்டியில் கிடந்த வெள்ளிக் கண்மலர் இரண்டையும் ஒட்டினாள். எத்திராஜும் செய்தியைக் கேட்டார். சந்தோஷப்பட்டார். அதோடு சரி. அவர்கள் தேடுவது அரசாங்கக் கல். தன்னிடம் இருப்பது அம்பர் கல். இரண்டையும் முடிச்சுப்போட அவருக்குத் தோன்றவே இல்லை. பாரீஸையும் பாரிவாக்கத்தையும் முடிச்சுப்போட்ட மனிதர்.

அன்று மத்தியானம் வெயில் தாங்காமல் மோகனப்பிரியா ஏழாம் எண் கேட்டைத் தட்டித் தண்ணீர் கேட்டாள். எத்திராஜ் மின்விசிறிக்கு நேராக நாற்காலி போட்டார். நாகம்மாள் மோர் கொடுத்துவிட்டு, அடுக்களை வாசலிலேயே நின்றாள். மோகனப்பிரியாவின் கண் டி.வி.க்குப் பக்கத்தில் இருந்த புத்தகத்தின் மேல் பட்டது. எடுத்து நாலு பக்கம் புரட்டினாள்.

"இது கதையா சார்?"

எத்திராஜ் நாகம்மாளைப் பார்த்தார். சத்தியம் ஏரியைப் பற்றித்தான், புத்தகத்தைப் பற்றி இல்லை என்று தீர்மானித்துக்கொண்டார். "ஆராய்ச்சிம்மா."

"பாரிவாக்கத்துக்காரங்க பாரீஸுக்குப் போனாங்கன்னு போட்டிருக்கீங்க. எதுல சார் போனாங்க?"

"நடந்து."

"ஓ." சிரிப்பை மோரோடு சேர்த்து விழுங்கிவிட்டுப் புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்தாள். "தப்பா நெனைக்காதீங்க சார். எங்க வேலையில ஆதாரம் வேணும். அளந்து காட்டணும். காட்ட முடியலன்னா, என்ன சொன்னாலும் ரிஜெக்ட்தான்."

அந்த வார்த்தையை எத்திராஜ் இருபத்தேழு வருடம் மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறார். தனக்கு ஒருவர் சொல்லிக் கேட்டது அன்றுதான். காது மடல் சிவந்துபோயிற்று.

"ஆதாரம் கீது," என்று எழுந்தார். "வா, காட்றேன்."

"இந்தாயா," என்றாள் நாகம்மாள். "அந்தப் பக்கம் பூசை பண்ற எடம். செருப்புக் காலோட வரக் கூடாது."

மோகனப்பிரியா ஷூவைக் கழற்றிவிட்டு வந்தாள்.

வெள்ளிக் கண்களோடு அம்மன் அவளைப் பார்த்தாள். எத்திராஜ் பாவாடையை விலக்கித் துண்டால் மஞ்சளைத் துடைத்தார். அம்பு தெரிந்தது. "பார். அம்பர் குலத்தோட சின்னம். கீழ கீற கீறல் பழைய எழுத்து. பதினஞ்சு வருசமா படிச்சிகினு கீறேன், இன்னும் பிடிபடல."

மோகனப்பிரியா குனிந்து, நகத்தால் மீதி மஞ்சளைச் சுரண்டினாள். அவளுக்குப் பதினைந்து நொடி கூட ஆகவில்லை. அது ஒன்றும் ஏழும். பதினேழு.

"மூணு நாளா உங்களத்தான் தேடிட்டிருந்தேன்," என்றாள் கல்லைப் பார்த்து. பிறகு நிமிர்ந்தாள். "இது நில அளவைக் கல் சார். அம்பு எங்க டிபார்ட்மெண்ட் குறி. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இது இங்கயேதான் இருந்ததா, இல்ல எங்கயிருந்தாவது கொண்டுவந்து நட்டதா? நகர்த்தியிருந்தா செல்லாது. நான் காணோம்னே எழுதிடுவேன்."

"பூந்தமல்லி மார்பிள் கடையில வாங்கினதும்மா," என்றாள் நாகம்மாள் உடனே. "போன வருசம்."

பக்கத்துச் சுவருக்கு மேல் அந்தோணிராஜின் தலை எழுந்தது. எவ்வளவு நேரமாக அங்கே ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாரோ. "ஆமா மேடம். என் வேன்லதான் ஏத்திகினு வந்தோம். நான்தான் தூக்கி வச்சேன்."

மூவரும் எத்திராஜைப் பார்த்தார்கள்.

இப்போது அவருக்குப் புரிந்தது. முட்டாள் இல்லை அவர், தாமதம்தான். வாங்கிவந்த கல் என்று சொன்னால் வீடு நிற்கும், தெருவில் பதினான்கு வீடுகளும் நிற்கும். ஆனால் வாங்கிவந்த கல் என்றால் அம்பர் குலம் நிற்காது. ஆம்ப்ரோன்கள் மார்பிள் கடையிலிருந்து கிளம்பியதாக எந்தப் புத்தகத்தில் எழுத முடியும்? வெள்ளைக்காரன் வந்து அந்த அம்பைத் தன் குறியாக எடுத்துக்கொண்டிருக்கலாம், நம்பரைப் பிறகு செதுக்கியிருக்கலாம். கல் பழசு. கல் இங்கேதான் நின்றது. அந்தோணி தூக்கி வைத்தானாம், இரண்டு வேனுக்கு ஓனராகி வயிறு போட்டவன்.

"நவுத்தல," என்றார் எத்திராஜ். "ஒரு மில்லிமீட்டர் கூட நவுத்தல. செவுரையே நான்தான் உள்ள தள்ளிக் கட்டினேன்."

உள்ளே போய் நோட்டைக் கொண்டுவந்தார். கிழக்குச் சுவரிலிருந்து 2146 மில்லிமீட்டர். சமையலறைச் சுவரிலிருந்து 102. கடைக்கால் தோண்டிய அன்று எடுத்த படம், மேஸ்திரியின் கையில் கடப்பாரையோடு, தேதியோடு. மோகனப்பிரியா டேப் போட்டுச் சரிபார்த்தாள். எல்லாம் பொருந்தியது.

"இவ்வளவு சுத்தமா ஒருத்தர் ரெக்கார்ட் வச்சு நான் பாத்ததே இல்ல சார்," என்றாள்.

பாஸ். எத்திராஜுக்குக் கண் கலங்கியது. நாகம்மாளுக்கும்தான், ஆனால் அது வேறு.

மறுநாள் கோடு போட்டார்கள். கல் இருக்கும் இடத்தில்தான் கோடு மிக ஆழமாக உள்ளே வந்தது. நடு வீடுகளுக்கு மூன்றடி, ஓரத்து வீடுகளுக்கு ஓர் அடி. வரிசையாகப் பதின்மூன்று சமையலறைச் சுவர்களில் சிவப்பு பெயிண்ட் ஏறியது. ஜெயசீலியின் அடுப்பு மேடை முழுசாக ஏரிக்குள் இருந்தது. ஏழாம் எண்ணுக்கு மட்டும் பின்முற்றமும் துணி துவைக்கும் கல்லும் போயின. சமையலறைச் சுவர் கோட்டுக்கு நாலு அங்குலம் வெளியே, ஒரு சொட்டு பெயிண்ட் படாமல் நின்றது.

தெரு ஒரு முடிவுக்கு வர அரை மணி நேரம் கூட ஆகவில்லை. அந்தோணிராஜ் வாசலில் வந்து நின்றார். அண்ணாத்தே என்று கூப்பிடவில்லை.

"பதினஞ்சு வருசம் முன்னாடியே உனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கரெக்டா மூணடி உட்டுக் கட்டிகினே. அம்பரு, கிம்பருன்னு எங்களுக்கு பூச்சுத்திகினு இருந்தே. நாங்க உன்ன பைத்தியம்னு நெனச்சோம் பாரு, நாங்கதான் பைத்தியம்."

தப்பிக்க எத்திராஜுக்கு ஒரு வழி இருந்தது. எனக்கு ஒன்றும் தெரியாது, அளவைக் கல்லைப் பழங்குடிக் கல் என்று நினைத்த முட்டாள் நான், என்று ஒரு வரி சொன்னால் போதும். தெருவே சிரித்திருக்கும். சிரித்தால் பாதிக் கோபம் போயிருக்கும். வாயைத் திறந்தார். அந்த வரி வரவில்லை.

"நைனா, அந்த அம்பு வெள்ளைக்காரன் குறி. ஒத்துக்கறேன். வெள்ளைக்காரனுக்கு அந்த அம்ப யாரு குடுத்தா? ஆம்ப்ரோன்கள். அவங்க எங்கேர்ந்து போனாங்க?"

"அம்பத்தூர்," என்றார் அந்தோணிராஜ். பதினைந்து வருடப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்னதற்குத் தன்மேலேயே எரிச்சல் வந்து, அங்கேயே நின்று ஃபோனை எடுத்துத் தெருக் குழுவிலிருந்து எத்திராஜை நீக்கிவிட்டுப் போனார். அடுத்த நாள் ஐந்தே முக்காலுக்கு எந்தப் பழங்குடியும் வரவில்லை.

இப்போது இடித்துக் கட்டும் வேலை நடக்கிறது. தெருவில் முழுசாக நிற்கும் ஒரே சமையலறை நாகம்மாளுடையதுதான். முறை வைத்துக்கொண்டு பெண்கள் குக்கரைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். எத்திராஜோடு பேச மாட்டார்கள், அவரைத் தாண்டி உள்ளே போவார்கள். இரண்டு பேர் நிற்க முடியாத இடம் என்பதால் நாகம்மாள் வெளியே நின்றே யோசனை சொல்கிறாள்.

போன வெள்ளிக்கிழமை, அதிகாரிகள் சுற்றிலும் சிமெண்ட் பூசிவிட்டுப் போன அந்தக் கல்லுக்கு நாகம்மாள் மறுபடியும் மஞ்சள் பூசினாள்.

"இன்னுமா எல்லையம்மா," என்றார் எத்திராஜ்.

"பதினஞ்சு வருசமா நான் எல்லைன்னு சொன்னேன். நீ அம்பருன்னு சொன்ன. அந்தப் பொண்ணு எதைய்யா எழுதிகினு போச்சு?"

எத்திராஜின் தலை குனிந்தது. வெட்கப்படுகிறாரோ என்று நாகம்மாளுக்கே ஒரு நிமிடம் பாவமாக இருந்தது. அவர் உதடுகள் மெல்ல அசைந்தன. எல்லை. எல்லையர். கிரேக்கர்கள் தங்களை எலீனியர் என்றல்லவா சொல்லிக்கொள்கிறார்கள்.

அவர் கை சட்டைப்பைக்குப் போய்ப் பேனாவைத் தேடுவதைப் பார்த்தாள் நாகம்மாள். குங்குமச் சிமிழை மூடிவிட்டு, அடுக்களைப் பக்கம் திரும்பினாள்.

"ஜெயசீலி, எத்தினி விசிலு ஆச்சு?"